டிவியில் வீடியோ கேம் போட்டி: ஒரு எளிய அறிமுகம்

2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் வீடியோ கேம் ஆடியவர்களுக்கும் பதக்கம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு இந்தப் பேச்சு நம் வீடுகளிலும் கூடியிருக்கிறது. ஆனால் பேசும்போது எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுகிறோம். யூடியூபில் ஒருவர் கேம் ஆடிக் காட்டுவதும், பெரிய பரிசுக்காக அணிகள் மோதுவதும், டிவி அரங்கில் இரண்டு பேரை நிறுத்தி ஒரு நிமிடம் ஆடவைத்துப் பரிசு கொடுப்பதும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள்.

இந்த மூன்றில் கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதைத்தான் பலரும் அலட்சியமாகத் தள்ளிவிடுகிறார்கள். "ரெண்டு பேரை ஆடவிட்டு கேமராவை வைத்தால் போதுமே, இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள். இருக்கிறது, நிறையவே இருக்கிறது. வீடியோ கேம் பற்றி ஒன்றுமே தெரியாதவர்களும் புரிந்துகொள்ளும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

எலுமிச்சம்பழமும் ஸ்பூனும்

பொங்கலுக்குத் தெருவில் நடக்கும் விளையாட்டுப் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நடப்பது எல்லாருக்கும் தெரிந்த காரியம், அதில் போட்டி எதுவும் இல்லை. வாயில் ஸ்பூனைக் கொடுத்து, அதில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து, எதிரே ஒரு கோடு போட்டுவிட்டால் அதே நடை போட்டியாகிவிடுகிறது. தெருவே கூடி நின்று கத்துகிறது. இந்தப் போட்டியை உண்டாக்கியது கோடு கிழித்தவரும் பழத்தை வைத்தவரும்தான்.

இப்போது அந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கலாம். ஒருவர் தனக்குப் பிடித்தபடி ஆட, மற்றவர்கள் இணையத்தில் நேரலையாகப் பார்ப்பது ஸ்ட்ரீமிங். தெருமுனையில் பையன்கள் கிரிக்கெட் ஆடுவதை நின்று வேடிக்கை பார்ப்பதைப் போன்றது அது. பயிற்சி பெற்ற வீரர்கள் ஒரு கேமை அதன் சொந்த விதிப்படி முழுதாக ஆடி மோதுவது இ-ஸ்போர்ட்ஸ். இது ரஞ்சிக் கோப்பை மாதிரி. தென்கொரியாவில் 2000-ஆம் ஆண்டிலேயே ஓஜிஎன் என்ற டிவி சேனல் ஸ்டார்கிராஃப்ட் கேமின் போட்டித் தொடர்களை ஒளிபரப்பியது இந்த வகைதான்.

மூன்றாவது, கேம் ஷோ. இங்கே வீடியோ கேம் என்பது எலுமிச்சம்பழம். ஏற்கெனவே இருக்கும் ஒரு கேமை எடுத்து, அதன் மேல் தன் சொந்தக் கோட்டையும் கடிகாரத்தையும் வைத்துப் புதிதாக ஒரு போட்டியை டிவி நிகழ்ச்சி உண்டாக்குகிறது. அந்தக் கோட்டை எங்கே கிழிப்பது என்பதில்தான் இந்தக் கலை முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஒரு காசில் ஒரு மணி நேரம்

முதல் சிக்கல் நேரம். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆர்கேட் எனப்படும் கூடங்கள் ஊருக்கு ஊர் இருந்தன. பீரோ உயரத்துக்கு நிற்கும் இயந்திரங்களில் காசு போட்டு கேம் ஆடும் இடம் அது. அந்த இயந்திரங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கடிகாரம் கிடையாது, உயிர்கள்தான் உண்டு. மூன்று உயிரும் போனால் ஆட்டம் முடிந்தது. கைதேர்ந்தவர் உயிரை விடமாட்டார், ஒரு காசைப் போட்டுவிட்டு மணிக்கணக்கில் ஆடிக்கொண்டே இருப்பார்.

டிவிக்கு இது ஒத்துவராது. அரை மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் போக இருபத்திரண்டு நிமிடம் போலத்தான் மிஞ்சும். அதற்குள் இரண்டு பேர் பல சுற்று ஆட வேண்டும், கேள்வி கேட்க வேண்டும், பரிசும் கொடுக்க வேண்டும்.

இதற்கு விடை கண்ட நிகழ்ச்சி ஸ்டார்கேட் (Starcade). 1982 டிசம்பரில் அமெரிக்காவின் டபிள்யூ.டி.பி.எஸ் சேனலில் தொடங்கியது. முதலில் மார்க் ரிச்சர்ட்ஸும் பிறகு ஜெஃப் எட்வர்ட்ஸும் தொகுத்து வழங்கினார்கள். மொத்தம் 133 பகுதிகள். அரங்கில் ஐந்து ஆர்கேட் இயந்திரங்கள் நிற்கும். தொகுப்பாளர் வீடியோ கேம் பற்றி ஒரு கேள்வி கேட்பார். முதலில் சரியான பதில் சொன்னவர் எந்த இயந்திரத்தில் ஆடுவது என்று தேர்ந்தெடுப்பார். பிறகு இருவரும் ஒருவர்பின் ஒருவராக அதே கேமை ஆடுவார்கள். ஆளுக்குக் கிடைப்பது ஒரு நிமிடம் அல்லது அதற்கும் குறைவு. இடையில் உயிர்கள் தீர்ந்து ஆட்டம் முடிந்தால் அந்த முறை அங்கேயே முடிந்துவிடும், மீதி நேரம் போனது போனதுதான்.

இந்தச் சின்ன மாற்றம் என்ன செய்கிறது பாருங்கள். பேக்-மேன் கேமையே எடுத்துக்கொள்வோம். ஒரு மஞ்சள் வட்டம் சந்து சந்தாக ஓடிப் புள்ளிகளைத் தின்னும், நான்கு பேய்கள் துரத்தும். சின்னப் புள்ளி ஒன்றுக்கு 10 மதிப்பெண். முதல் கட்டத்தில் அப்படி 240 புள்ளிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் தின்று தீர்த்தால் 2400. நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு பெரிய புள்ளி உண்டு. அதைத் தின்றால் கொஞ்ச நேரத்துக்குப் பேய்கள் நீலமாக மாறும், அப்போது நாம் அவற்றைத் துரத்தித் தின்னலாம். முதல் பேய்க்கு 200, அடுத்ததற்கு 400, பிறகு 800, நான்காவதற்கு 1600. ஒரே பெரிய புள்ளியின் பலத்தில் நான்கு பேயையும் பிடித்தால் 3000. அந்தக் கட்டத்தின் அத்தனை சின்னப் புள்ளிகளுக்கும் சேர்த்துக் கிடைப்பதைவிட இது அதிகம்.

ஆர்கேடில் நின்று ஆடுபவர் உயிரைக் காப்பாற்றிக்கொண்டு நிதானமாகக் கட்டம் கட்டமாகத் தாண்டுவார். முப்பது நாற்பது விநாடிதான் என்றால் நிதானத்துக்கு அங்கே வேலை இல்லை. நேராக மூலைக்கு ஓடி, பேய்களைக் கிட்டே வரவிட்டு, பெரிய புள்ளியைத் தின்று நான்கையும் பிடிப்பவர் முந்திவிடுவார். கேமும் அதே, இயந்திரமும் அதே, தேவைப்படும் திறமை மட்டும் வேறு. கபடியில் ரெய்டுக்கு 30 விநாடி என்று வைத்ததும் ரெய்டரின் ஆட்டமே மாறுகிறதே, அதுபோல.

"ஆர்கேடில் கொடிகட்டிப் பறந்தவர் டிவியில் ஏன் தோற்றார்?" என்று யாராவது கேட்டால் பாதி பதில் இதில் இருக்கிறது. அவருடைய பலம் தாக்குப்பிடிப்பது. நிகழ்ச்சி அளந்ததோ முதல் சில விநாடிகளின் வேகத்தை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: கேமின் சொந்த முடிவு உயிர் தீர்வது. நிகழ்ச்சி அதோடு கடிகாரம் என்ற இன்னொரு முடிவையும் சேர்க்கிறது. கடிகாரம் வந்ததும் கேமின் குணமே மாறிவிடுகிறது.

மதிப்பெண்ணும் கட்-ஆஃபும்

இரண்டாவது சிக்கல் இன்னும் சுவாரசியமானது. ஒவ்வொரு கேமும் தன் இஷ்டத்துக்கு மதிப்பெண் கொடுக்கிறது. ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கேமில் மேலிருந்து இறங்கி வரும் 55 வேற்றுக்கிரகவாசிகளைச் சுட வேண்டும். வரிசையைப் பொறுத்து ஒன்றுக்கு 10, 20 அல்லது 30 மதிப்பெண். அத்தனையையும் சுட்டு வீழ்த்தினாலும் 990-தான் கிடைக்கும். பேக்-மேனில் நான்கு பேய்களைப் பிடித்தாலே 3000. ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆடுபவர் மட்டமான ஆட்டக்காரர் என்று இதற்குப் பொருளில்லை. ஒரு கடையில் விலையை ரூபாயில் சொல்கிறார்கள், இன்னொரு கடையில் பைசாவில் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

ஸ்டார்கேடில் ஒவ்வொரு சுற்றின் மதிப்பெண்ணையும் அப்படியே கூட்டிக்கொண்டே போவார்கள். கடைசியில் மொத்தம் யாருக்கு அதிகமோ அவருக்கு வெற்றி. அதனால் மதிப்பெண்ணை வாரி வழங்கும் கேமில் சறுக்கியவர், கஞ்சத்தனமான கேமில் எவ்வளவு நன்றாக ஆடினாலும் மீள்வது கஷ்டம். அந்தத் தொடக்கக் கேள்விக்கு ஏன் அத்தனை மதிப்பு என்பது இப்போது புரியும். பதில் சொன்னவருக்கு எந்தக் கடையில் வியாபாரம் நடக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை கிடைக்கிறது. டாஸ் வென்ற கேப்டன் ஆடுகளத்தைப் பார்த்து முடிவெடுப்பது மாதிரி. பதற்றத்தில் தனக்குப் பழக்கமான கேமைச் சொல்வதைவிட, மதிப்பெண் அள்ளித்தரும் கேமைச் சொல்வதே சில நேரம் புத்திசாலித்தனம்.

இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யவும் வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வுக்குக் கட்-ஆஃப் போட்டுப் பார்த்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். கணித மதிப்பெண்ணை 100-க்கு எடுத்துக்கொண்டு, இயற்பியலையும் வேதியியலையும் 50, 50 ஆகச் சுருக்கி, மொத்தம் 200-க்குக் கணக்கிடுகிறோம். எந்தப் பாடத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதை இப்படி எண்ணால் சொல்வதை எடை என்பார்கள்.

வீடியோ கேம் தயாரிக்கும் நிண்டெண்டோ நிறுவனம் 1990-இல் அமெரிக்காவில் ஊர் ஊராக நடத்திய உலக சாம்பியன்ஷிப் போட்டியில் இதைத்தான் செய்தார்கள். அது டிவி நிகழ்ச்சி இல்லை, மேடைப் போட்டி. ஆனாலும் எடையை விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. போட்டிக்கென்றே செய்த கேசட்டில் மூன்று கேம்கள் அடுத்தடுத்து வரும். முதலில் சூப்பர் மாரியோவில் 50 நாணயம் சேர்க்க வேண்டும். பிறகு ராட் ரேசரில் ஒரு பந்தயப் பாதையை முடிக்க வேண்டும். மிச்சமுள்ள நேரம் முழுவதும், மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளியில்லாமல் அடுக்கும் டெட்ரிஸ். மொத்த நேரம் 6 நிமிடம் 21 விநாடி. மாரியோ மதிப்பெண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு, ராட் ரேசரை 10-ஆல் பெருக்கி, டெட்ரிஸை 25-ஆல் பெருக்கிக் கூட்டினார்கள்.

25-ஆல் பெருக்கல் என்று தெரிந்ததும் கெட்டிக்கார ஆட்டக்காரர் என்ன செய்வார்? மாரியோவில் அழகாக ஆடி மதிப்பெண் சேர்ப்பதை விட்டுவிட்டு 50 நாணயத்தை அவசர அவசரமாகப் பொறுக்குவார், பந்தயத்தையும் ஒரே மூச்சில் முடிப்பார், டெட்ரிஸுக்கு எத்தனை விநாடி மிஞ்சுகிறது என்பதிலேயே கண்ணாக இருப்பார். போட்டியின் பெயரில் மூன்று கேம், நிஜத்தில் அது டெட்ரிஸுக்குச் சீக்கிரம் போய்ச் சேரும் ஓட்டப்பந்தயம். எடையை மாற்றியிருந்தால் வெற்றி பெறும் ஆளே மாறியிருக்கலாம்.

ஆக, கடிகாரம் எந்தத் திறமையை அளப்பது என்று முடிவு செய்கிறது. எடை எந்தக் கேமுக்கு மதிப்பு என்று முடிவு செய்கிறது. இரண்டும் கேமுக்கு வெளியே, நிகழ்ச்சி நடத்துபவர்கள் கையில் இருக்கின்றன.

தனி ஆளாக ஆடினால் யாரோடு போட்டி?

எதிராளி இல்லாமல் ஒருவர் மட்டும் ஆடும் சுற்றும் பல நிகழ்ச்சிகளில் உண்டு. அப்போது முன்கூட்டியே ஓர் இலக்கு வைத்துவிடுவார்கள். உயரம் தாண்டுதலில் கம்பு வைப்பது போல. ஸ்டார்கேடின் கடைசிச் சுற்றில் 30 விநாடிக்குள் இருபது பேர் முன்பே ஆடி எடுத்த சராசரி மதிப்பெண்ணைத் தாண்ட வேண்டும். 1992-இல் அமெரிக்காவின் நிக்கலோடியன் சேனலில் வந்த நிக் ஆர்கேட் என்ற சிறுவர் நிகழ்ச்சியில், கேமில் கைதேர்ந்த ஒருவர் எடுத்துவைத்த மதிப்பெண்ணை 30 விநாடியில் முந்த வேண்டும். அதோடு, ஆடுவதற்கு முன் தங்கள் அணி அதுவரை சேர்த்த புள்ளிகளில் ஒரு பங்கைப் பந்தயமாகவும் வைக்க வேண்டும். "நம்மால் முடியுமா?" என்று இரண்டு சிறுவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும் அந்தக் கணத்துக்காகவே வைத்த விதி அது.

பிரிட்டனின் சேனல் 4-இல் 1992 முதல் 1998 வரை வந்த கேம்ஸ்மாஸ்டர் நிகழ்ச்சி இதை இன்னும் எளிதாக்கியது. அங்கே சவாலை அறிவிப்பவர் வானியலாளர் பாட்ரிக் மூர். சவால் ஓரிரு வரியில் முடிந்துவிடும்: இவ்வளவு நேரத்தில் இத்தனை எடுக்க வேண்டும், அல்லது இந்த இடத்தைத் தாண்ட வேண்டும். முடித்தால் தங்க ஜாய்ஸ்டிக் பரிசு, அதாவது கேம் ஆடும் கைப்பிடியின் வடிவில் ஒரு கோப்பை. சோபாவில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு அந்தக் கேம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. எண்களும் கடிகாரமும் புரிந்தால் போதும், அவரும் நகத்தைக் கடித்துக்கொண்டு பார்க்கலாம்.

கேமுக்கு உள்ளே போன சிறுவர்கள்

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட பகுதிக்கு வந்துவிட்டோம். நிக் ஆர்கேடின் கடைசிச் சுற்றுக்குப் பெயர் வீடியோ ஜோன். ஜெயித்த அணியின் சிறுவர்கள் கேமின் உள்ளேயே இருப்பார்கள். தாண்டுவார்கள், குனிவார்கள், மிதக்கும் பொருள்களைக் கையால் தொட்டு எடுப்பார்கள். பார்த்துக்கொண்டிருந்த குழந்தைகளுக்குச் சொர்க்கமே இறங்கி வந்த மாதிரி இருந்திருக்கும். உண்மையில் அந்தச் சிறுவர்களைச் சுற்றி அங்கே ஒன்றுமே இல்லை, நீல நிறம் மட்டும்தான்.

டிவியில் வானிலை சொல்பவர் வரைபடத்துக்கு முன்னால் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் அவர் பின்னால் இருப்பது வெறும் பச்சை அல்லது நீலச் சுவர். படத்தில் அந்த நிறம் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் அதை எடுத்துவிட்டு வேறு படத்தை ஒட்டும் உத்திக்குக் குரோமா கீ என்று பெயர். மனிதத் தோலில் நீலமும் பச்சையும் குறைவு என்பதால்தான் இந்த நிறங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நீலச் சட்டை போட்டுக்கொண்டு நீலச் சுவர் முன் நின்றால் வயிற்றுப் பகுதி காணாமல் போய், தலையும் கையும் மட்டும் அந்தரத்தில் மிதக்கும்.

வானிலை அறிவிப்பில் வேலை இத்தோடு முடிந்தது. கேமில் இன்னொரு படி வேண்டும்: சிறுவன் பொருளைத் தொட்டானா என்று கணினிக்குத் தெரிய வேண்டும். கணினிக்கு அவன் சிறுவன் என்றோ அது கை என்றோ தெரியாது. படத்தில் நீலம் இல்லாத பகுதி எது என்பது தெரியும், அதுதான் அவனுடைய உருவக்கோடு. அந்தக் கோடும் பொருள் இருக்கும் இடமும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் தொட்டதாகக் கணக்கு. சுவரில் விழும் நம் நிழலைக் கொண்டு, சுவரில் வரைந்த பூவைத் தொடுவது மாதிரி. நிக் ஆர்கேடில் இந்தக் காட்சிகளை உருவாக்கியவை அமிகா கணினிகள். இன்றைய கைபேசியோடு ஒப்பிட்டால் மிக மிகச் சிறிய திறன் கொண்டவை.

ஆடும் சிறுவனுக்கோ எதுவும் கண்முன்னால் இல்லை. பக்கத்தில் வைத்திருக்கும் டிவித் திரையில் தன்னையே பார்த்துக்கொண்டு, அங்கே தெரியும் பொருளை நோக்கி, இங்கே வெறுங்காற்றில் கையை நீட்ட வேண்டும். கைபேசியின் பின்புறக் கேமராவால் யாரையாவது உங்களைப் படமெடுக்கச் சொல்லி, அதை வேறொரு திரையில் பார்த்தபடி, காற்றில் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தொட முயன்று பாருங்கள். வலது இடது குழம்பும், தூரம் பிடிபடாது. அதையும் ஒரு நிமிடக் கடிகாரத்தோடு செய்தார்கள். "அந்தப் பசங்களுக்கு இதுகூட எடுக்கத் தெரியலையே" என்று சலித்துக்கொண்ட பார்வையாளர்கள் அவர்களுக்கு நியாயம் செய்யவில்லை என்றே சொல்வேன்.

இதே சிக்கலுக்கு பிரிட்டனின் நைட்மேர் நிகழ்ச்சி கண்ட தீர்வு எனக்கு மிக அழகாகத் தோன்றுகிறது. ஐடிவியில் 1987 முதல் 1994 வரை வந்தது. நான்கு பேர் கொண்ட அணி. ஒருவர் மாயக்கோட்டைக்குள் நடப்பார், மற்ற மூவர் ஓர் அறையில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பார்கள். நடப்பவரின் தலையில் கண்ணை மறைக்கும் பெரிய தலைக்கவசம். கதைப்படி அது அவரைக் காப்பாற்றும் கவசம். வேலைப்படி, சுற்றிலும் வெறும் நீல அறைதான் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாமல் மறைக்கும் கவசம். கோட்டை முழுவதையும் பார்ப்பவர்கள் அந்த மூவர்தான். "இடது பக்கம் ரெண்டு அடி வை! நில்! நேரே போ!" என்று கத்தி அவரை நடத்துவார்கள்.

நம் ஊரில் கண்ணைக் கட்டிவிட்டுப் பானை உடைக்கச் சொல்வோமே, அச்சு அசல் அதேதான். கூட்டத்துக்குப் பானை தெரியும், கோல் வைத்திருப்பவருக்குத் தெரியாது. குரோமா கீயின் குறையைப் போட்டியின் உயிராகவே ஆக்கிவிட்டார்கள். அது மிகக் கடினமாகவும் இருந்தது: எட்டு சீசன்களில் ஜெயித்து வெளியே வந்த அணிகள் எட்டு மட்டுமே.

சுருக்கமாக: உள்ளே போவது என்பது பார்ப்பவருக்கு உண்டாகும் தோற்றம். ஆடுபவருக்கு அது பார்க்காத இடத்தில் நடப்பது. அங்கே சோதிக்கப்படுவது ஒரு சமயம் உடலின் ஒத்திசைவு, இன்னொரு சமயம் நண்பன் சொல்வதை நம்பி அடி எடுத்து வைப்பது.

வீட்டில் உட்கார்ந்தபடியே ஆடியவர்கள்

அரங்குக்கு வராமலே ஆடவைத்த நிகழ்ச்சிகளும் உண்டு. 1978-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய டிவி பவ் நிகழ்ச்சியில், நேயர் தொலைபேசியில் இருந்தபடி தன் வீட்டு டிவியில் கேமைப் பார்ப்பார். சுட வேண்டிய நேரத்தில் "பவ்!" என்று கத்துவார், திரையில் குண்டு பாயும்.

1990-இல் டென்மார்க்கின் டிவி 2 சேனலில் அறிமுகமான ஹியூகோ இதைவிட ஒரு படி மேலே போனது. ஹியூகோ என்பது காட்டில் திரியும் ஒரு குட்டிப் பூதம். நேயரின் தொலைபேசிப் பொத்தான்களே அதை நகர்த்தும். வங்கிக்கு போன் செய்தால் "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்" என்று ஒரு குரல் சொல்கிறதே, அதே நுட்பம்தான். ஒவ்வொரு பொத்தானை அழுத்தும்போதும் இரண்டு சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும். எந்தப் பொத்தானுக்கு எந்த ஜோடி என்பது நிலையானது, இதற்கு டச்-டோன் என்று பெயர். அந்த ஜோடியைக் கேட்டு அரங்கிலுள்ள கணினி பூதத்தை இடமோ வலமோ திருப்பும். விரலை விட்டுச் சுழற்றும் பழைய தொலைபேசி வைத்திருந்தவர்களால் ஆட முடியாது, அதில் இந்தச் சுரங்கள் வராது. நாற்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஹியூகோ ஒளிபரப்பானது.

இது நடக்க வேண்டுமானால், நேயர் பார்க்கும் படம் அரங்கில் நடப்பதோடு கிட்டத்தட்ட ஒரே கணத்தில் ஓட வேண்டும். அன்றைய ஆன்டெனா டிவியில் அது இயல்பாகவே நடந்தது. இன்றைய டிஜிட்டல் ஒளிபரப்பில் படத்தைச் சுருக்கி அனுப்பி, நம் வீட்டுப் பெட்டியில் விரித்துக் காட்டுவதற்குள் சில விநாடிகள் போய்விடுகின்றன. பக்கத்து வீட்டில் விக்கெட் விழுந்து கத்திய பிறகு நம் வீட்டில் பந்து வீச ஓடி வருவாரே, அந்தத் தாமதம்தான். பூதத்துக்கு எதிரே ரயில் வருவதை நாம் பார்க்கும்போது, அரங்கில் அது மோதி முடித்து இரண்டு மூன்று விநாடி ஆகியிருக்கும்.